மருந்தின் சவ்வூடுருவல்: கணினிவழி அனுமானம்

ஔஷதமொன்று உயிரணுவின் கொழுப்புச் சவ்வைக் கடந்து உட்புகுமா என்பதை, சோதனைச்சாலையில் ஆராயுமுன்பே, அதன் மூலக்கூற்று நிறை, கொழுப்பில் கரையும் சுபாவம் முதலியவற்றைக் கொண்டு கணினியால் அனுமானிக்கும் முறை. கொழுப்பில் எளிதிற் கரையும் பொருளே விரைந்து உட்செல்லும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓவர்ட்டன் கண்டதே இதன் அஸ்திவாரம். வாய்வழி மருந்துகளுக்கு நிறை 500-ஐ மிஞ்சலாகாது என்பது முதலான விதிகளை 1997-இல் லிபின்ஸ்கி வகுத்தார். பழனிமலைக் குளிருக்குப் பலரும் தேய்த்துக்கொள்வதும், கொடைக்கானல் கடைகள்தோறும் விற்பதுமாகிய யூகலிப்டஸ் தைலத்தின் பிரதான அங்கமான சினியோல், நிறை ஏறத்தாழ 154 மட்டுமே உடையதாய், ஹைட்ரஜன் பிணைப்பை வழங்கும் தொகுதி எதுவுமின்றி ஒரேயொரு ஆக்ஸிஜன் அணுவைத் தாங்கியிருத்தலின், சவ்வை அநாயாசமாகக் கடக்குமென்று இக்கணிதம் கூறும். தைலத்தின் வாசனையை அறிந்தவர்க்கு இது வியப்பன்று. வியப்பாவது, அது தோலின் மேலடுக்குக் கொழுப்பின் ஒழுங்கைக் குலைத்துப் பிற மருந்துகளுக்கும் வழிவிடுவதே. ஆயினும், உட்புகுந்த மருந்தை வெளியே தள்ளும் பி-கிளைக்கோபுரதம் போன்றவற்றின் செயலை இவ்வெளிய விதிகள் அறியா.