கியரில்லா வண்டியும் சட்டத்தின் சொல்லும்



இன்று நம் தெருக்களில் ஓடும் இருசக்கர வண்டிகளில் பல, கியர் மாற்றும் தொல்லை இல்லாதவை. வலக் கைப்பிடியை முறுக்கினால் ஓடுகின்றன, தளர்த்தினால் தணிகின்றன. இந்த எளிமை எவ்வாறு வந்தது, சட்டம் அதை எவ்வாறு புரிந்துகொண்டது, எந்த இடத்தில் தவறிற்று என்பவற்றைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன். நான் முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கழித்தவன். யந்திர நிபுணனும் அல்லேன், வழக்கறிஞனும் அல்லேன். ஆயினும் இவ்விஷயத்தில் எனக்குச் சொந்தமான ஒரு மனக்குறை உண்டு. அதை உரிய இடத்தில் சொல்லுகிறேன்.

முதலில், கியர் எதற்கு என்று பார்ப்போம். பெட்ரோல் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது வலுவற்றது; வேகமாகச் சுழலும்போதுதான் அதற்குப் பலம் வருகிறது. நின்ற வண்டியின் சக்கரமோ மெதுவாகத்தான் புறப்பட வேண்டும். வேகமாகச் சுழலும் எஞ்சினையும் மெதுவாகப் புறப்படும் சக்கரத்தையும் இணங்க வைப்பதற்காகப் பற்சக்கரங்களை மாற்றி மாற்றிப் பூட்டுகிறோம். அப்படி மாற்றும் வேளையில் எஞ்சினைச் சக்கரத்திலிருந்து சற்றே பிரித்து வைப்பது கிளட்ச். இடக் கை கிளட்சைப் பிடிக்க, கால் கியரை மாற்ற, வலக் கை முறுக்க, இவை யாவும் ஒரே தாளத்தில் நடைபெற வேண்டும். பழகியவருக்கு இது எளிது. புதியவருக்கு இதுவே பெரிய தடை.

அத்தடையை நீக்கும் முயற்சி இரண்டாம் உலகப் போர் முடிந்தவுடன் ஐரோப்பாவில் தொடங்கிற்று. காருக்கு வசதியில்லாத மக்கள், சைக்கிளிலேயே சிறு எஞ்சினைப் பொருத்திக்கொண்டார்கள். பிரான்ஸில் 1946இல் விற்பனைக்கு வந்த வெலோசோலெக்ஸ் என்னும் வண்டியில், எஞ்சினோடு இணைந்த ஓர் உருளை, முன் சக்கரத்தின் டயர்மீது அழுந்தி அதைச் சுழற்றியது. அதில் மாற்றுவதற்குக் கியரே கிடையாது. 1949இல் அதே நாட்டில் மோபைலெட் வந்தது. மோட்டார், பெடல் என்ற இரு சொற்களின் முற்பகுதிகளைச் சேர்த்து, 1952இல் ஸ்வீடனில் ஒரு பத்திரிகையாளர் ‘மொபெட்’ என்ற பெயரைப் படைத்தார். அப்பெயர் உலகெங்கும் நிலைத்துவிட்டது.

இவ்வகை வண்டிகளில் பின்னர்ப் பெருவழக்காக வந்த தானியங்கிக் கிளட்சை விளக்க, திருவிழாவில் சுற்றும் குடை ராட்டினம் ஒன்றே போதும். ராட்டினம் மெதுவாகச் சுற்றும்போது நாற்காலிகள் நேராகத் தொங்குகின்றன. வேகம் ஏற ஏற வெளிப்புறமாக விரிகின்றன. அதுபோலவே, எஞ்சினோடு சுழலும் சிறு கட்டைகளைச் சுருள்வில் உள்ளே இழுத்துப் பிடித்திருக்கிறது. எஞ்சின் வேகம் கொண்டதும் அவை வெளியே விரிந்து, தம்மைச் சூழ்ந்துள்ள உருளையின் உட்புறத்தை அழுத்திப் பற்றுகின்றன, வண்டி நகர்கிறது. எஞ்சின் தணிந்தால் கட்டைகள் உள்ளே ஒடுங்குகின்றன, பிடி விடுகிறது. இடக் கைக்கு அங்கே வேலையில்லை. 1958இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் வெளியிட்ட சூப்பர் கப் வண்டியில் மூன்று கியர்கள் உண்டு. அவற்றைக் காலால் மாற்ற வேண்டும். ஆனால் கிளட்ச் பிடி இல்லை. மேலே சொன்ன தத்துவமே அதற்கு உதவிற்று.

அடுத்த படி, கியரையும் தானே மாறச் செய்வது. அதே 1958இல் ஹாலந்து தேசத்து டாஃப் நிறுவனம், பெல்ட்டினால் இயங்கும் தானியங்கிக் கியர் கொண்ட சிறு காரைக் காட்சிக்கு வைத்தது. இருசக்கர வண்டிகளிலும் இம்முறை இடம்பெற்றது. முன்னும் பின்னுமாக இரண்டு கப்பிகள்; அவற்றை இணைக்கும் ஒரு பெல்ட். முன் கப்பி இரண்டு சாய்வுத் தட்டுகளால் ஆனது. வேகம் கூடும்போது உள்ளே இருக்கும் குண்டுகள் வெளியே ஒதுங்கித் தட்டுகளை நெருக்குகின்றன. நெருக்கப்பட்ட பெல்ட் முன் கப்பியில் விளிம்பை நோக்கி ஏறுகிறது. பின் கப்பியில் நடுவை நோக்கி இறங்குகிறது. சிறு சக்கரம் பெரிதாவதும் பெரிய சக்கரம் சிறிதாவதும் போன்ற விந்தை அது. ஒன்று, இரண்டு, மூன்று என்ற படிகள் இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வழுக்கலான ஏற்றம். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மோபைலெட்டின் வழிவந்த சுவேகா திருப்பதியில் தயாராயிற்று. 1972இல் புனேயிலிருந்து லூனா வந்தது. இத்தாலியப் பியாஜியோ நிறுவனத்தின் உரிமத்தைக் கொண்டு செய்தது அது. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிப்பட்டது. பால்காரர், காய்கறி வியாபாரி, கிராமத்து ஆசிரியர் என்று எத்தனை பேருடைய பிழைப்பை அச்சிறு வண்டி சுமந்தது என்பதைத் தமிழ்நாட்டாருக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நானும் அதில் ஏறித்தான் பதினோராண்டு பள்ளிக்குச் சென்றேன். இவை பெரும்பாலும் ஐம்பது கன சென்டிமீட்டர் அளவுள்ள எஞ்சின்கள். வேகமும் அதற்கேற்பவே இருந்தது.

1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பதிலாக 1988இல் புதுச் சட்டம் இயற்றப்பட்டு, 1989 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. பதினெட்டு வயது நிரம்பாதவர் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டலாகாது என்பது அதன் நான்காம் பிரிவு. அதற்கு ஒரு விலக்கும் அளித்தார்கள். ‘கியர் இல்லாத மோட்டார் சைக்கிளை’ப் பதினாறு வயது நிரம்பியவர் ஓட்டலாம் என்றது அவ்விலக்கு. கியர் இல்லாத வண்டி என்றாலே சிறிய, மெதுவான மொபெட் என்பது பலருடைய பொதுவான எண்ணமாக இருந்த காலம் அது.

ஆனால் அதற்கு முன்னரே, 1980களின் நடுவில், கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டர் நம் நாட்டில் புகுந்துவிட்டது. ஏறத்தாழ நூறு கன சென்டிமீட்டர் எஞ்சின். பொத்தானை அழுத்தினால் கிளம்பும். பெல்ட்டினால் தானே மாறும் கியர். சற்று முன் நான் சொன்ன கப்பிகளை நினைவுகூருங்கள். உண்மையில் அவ்வகை வண்டியில் எண்ணற்ற கியர்கள் இருக்கின்றன. ஓட்டுபவர் மாற்ற வேண்டிய கியர்தான் இல்லை. வழக்கிலோ அதுவும் ‘கியர் இல்லாத’ வண்டியே. ஆகவே மொபெட்டின் இரு மடங்கு எஞ்சினைப் பதினாறு வயதுப் பிள்ளை ஓட்டுவதற்குச் சட்டத்தின் சொல்லே வழி திறந்துவிட்டது.

என் மனக்குறை இங்கேதான் வருகிறது. 1993ஆம் ஆண்டு, ஒரு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியனாக இருந்தேன். என் மாணவன் ஒருவன், பதினாறு வயது நிரம்பியவன், உரிமம் பெறுவதற்காக வயதுச் சான்று கேட்டு வந்தான். சான்றை என் கையால் எழுதித் தலைமையாசிரியரிடம் கையொப்பம் வாங்கிக் கொடுத்தேன். “சட்டம் இடம் தருகிறதே, தயக்கம் என்ன?” என்று அவன் தகப்பனாரிடம் சொன்னவனும் நான்தான். தகப்பனார் அவனுக்கு ஒரு கியரில்லா ஸ்கூட்டர் வாங்கித் தந்தார். மூன்று வாரம் சென்றிருக்கும். குறுக்கே வந்த மாட்டைக் கண்டு மிரண்ட பிள்ளை, கைப்பிடியை இறுகப் பற்றினான். பற்றிய வேகத்தில் முறுக்கியும்விட்டான். வண்டி பாய்ந்து வாய்க்கால் மதகில் மோதிற்று. வலக் கால் முறிந்தது. அவ்வாண்டுப் பொதுத் தேர்வை அவன் எழுதவில்லை.

கிளட்ச் உள்ள வண்டியில், அஞ்சிய இடக் கை கிளட்சைப் பிடித்தால் எஞ்சின் சக்கரத்தை விட்டு நீங்கிவிடும். தானியங்கி வண்டியில் முறுக்கிய கையைத் தளர்த்தினால்தான் பிடி விடும். அஞ்சிய கையோ தளர்வதில்லை. புதியவருக்கு எளிமை தந்த அதே அமைப்பு, புதியவருடைய ஒரு தப்பும் வழியையும் எடுத்துக்கொண்டது. இதை நான் பிற்பாடுதான் உணர்ந்தேன். மருத்துவமனையில் அவன் தகப்பனார் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. “முறைப்படி லைசென்ஸ் வாங்கித்தானே கொடுத்தேன், ஸார்?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

1994இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. ‘கியர் இல்லாத மோட்டார் சைக்கிள்’ என்ற சொற்களை நீக்கி, ‘ஐம்பது கன சென்டிமீட்டருக்கு மேற்படாத எஞ்சின் உடைய மோட்டார் சைக்கிள்’ என்று அமைத்தது. அது அமலுக்கு வந்த நாள் 1994 நவம்பர் 14, குழந்தைகள் தினம். நாள் தற்செயலாக அமைந்திருக்கலாம். எனக்கு அது மறப்பதில்லை.

இத்தகைய தடுமாற்றம் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. பிரிட்டனில் 1971இல், பதினாறு வயதினருக்குப் பெடல் உள்ள ஐம்பது கன சென்டிமீட்டர் மொபெட் மட்டுமே என்று விதித்தார்கள். உடனே கம்பெனிகள், கியரும் வேகமும் உள்ள சிறு மோட்டார் சைக்கிள்களில் பெயருக்கு ஒரு பெடலைப் பூட்டி விற்றன. 1977இல் அவ்விதியை மாற்றி, மணிக்கு முப்பது மைல் என்ற வேக எல்லையை வைக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், மோட்டார் சைக்கிளினின்று மொபெட்டைப் பிரித்துச் சொல்லத் தானியங்கிக் கியர் வேண்டும் என்றது. அத்தோடு நில்லாமல் குதிரைத்திறனையும் வேகத்தையும் சேர்த்தே வரையறுத்தது. அது விவேகம்.

இப்போது மின்சார வண்டிகள் வந்திருக்கின்றன. அவற்றில் மாற்றக் கியருமில்லை, அளக்கக் கன சென்டிமீட்டருமில்லை. ஆகவே நம் விதிகள் வாட் கணக்கையும் வேகத்தையும் எடுத்துக்கொண்டன. 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட மின் வண்டி, சில நிபந்தனைகளின்பேரில், மோட்டார் வாகனமாகவே கருதப்படுவதில்லை. மறுபுறம், 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பெரியவர்களைப் பொறுப்பாக்கியது. உரிய வயதும் உரிமமும் இல்லாத சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அச்சிறுவர் 25 வயது வரை உரிமம் பெற இயலாது.

தானியங்கி வண்டியை நான் குறை கூறவில்லை. புடவையோடு ஓட்ட இயலாது என்றிருந்த சாலையை அது பெண்களுக்குத் திறந்துவிட்டது. 2018இல் தமிழ்நாட்டரசு, பணிபுரியும் மகளிர் இத்தகைய வண்டி வாங்குவதற்கு விலையில் பாதி, 25,000 ரூபாய் வரை, மானியம் அளித்தது. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியின் ஆசிரியைகள் பலர், பேருந்துக்குக் காத்து நிற்கும் துன்பத்திலிருந்து அவ்வண்டியால் விடுபட்டார்கள்.

நான் சொல்ல வந்தது இவ்வளவே. பெடல், கியர், கன சென்டிமீட்டர், வாட் என்று சட்டம் ஒவ்வொரு காலத்திலும் யந்திரத்தின் ஏதேனும் ஓர் அடையாளத்தைப் பற்றிக்கொண்டே எழுதப்படுகிறது. யந்திரம் மாறிய பிறகே சட்டம் மாறுகிறது. அந்த இடைவெளியில் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள். தலைமையாசிரியனான பிறகு, வயதுச் சான்று கேட்டுப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் ஒவ்வொருவரிடமும், “சட்டம் இடம் தருகிறதா என்று பார்த்துவிட்டீர்கள், பிள்ளைக்குப் பக்குவம் வந்துவிட்டதா என்று பார்த்தீர்களா?” என்று கேட்டுவிட்டே கையொப்பமிட்டேன். சிலர் சிரித்தார்கள். சிலர் சான்று வாங்காமலேயே திரும்பிப் போனார்கள்.

அந்த மாணவன் மறு ஆண்டு தேர்வெழுதித் தேறினான். இன்று அவனுக்கும் பதினாறு வயதில் ஒரு மகன் இருக்கிறான். அவன் சைக்கிளில்தான் பள்ளிக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டேன்.