இரு மொழிப் படநூலும் இழந்த ஊரும்

கோடை விடுமுறைக்கு நெல்லைச் சீமைக்குச் சென்றிருந்தோம். நான்காம் நாள் மாலை, "நம் ஊருக்கு எப்போது திரும்புவோம், அப்பா?" என எம் இளைய மகள் வினவினாள். அவள் குறித்தது தில்லியின் அரசுக் குடியிருப்பை. திண்ணையில் அமர்ந்திருந்த எம் அன்னையார் ஒன்றும் கூறாது உள்ளே எழுந்து சென்றார். "இதுவன்றோ உன் ஊர்!" என மகளைக் கடிந்துகொண்டோம். கடிந்தது பிழை என்பதைச் சிறுவர் படநூல்களின் வரலாறே பின்னர் எமக்கு உணர்த்திற்று.

சிறுவர்க்கென அச்சான படநூல்களுள் முன்னோடியாக அறிஞர் போற்றுவது, 1658இல் நூரம்பெர்க் நகரில் வெளிவந்த 'ஓர்பிஸ் பிக்டஸ்' என்னும் நூலாகும். இதனை இயற்றிய கொமேனியஸ், 1592இல் மொராவியாவில் பிறந்தவர். முப்பதாண்டுப் போர்க்காலத்தில், சமயக் கொடுமையால் 1628இல் தாயகம் துறந்தவர். அவருக்கு அடைக்கலம் அளித்த போலந்தின் லெஸ்னோ நகரும் 1656இல் எரிந்தது. நாற்பதாண்டுகளுக்கு மேல் அவர் தொகுத்த செக் மொழி அகராதி அத்தீயில் அழிந்தது. 1670இல் ஆம்ஸ்டர்டாமில் மறையும்வரை தாயகத்தில் மீண்டும் வாழும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

அவருடைய நூலில் 150 படங்கள். படத்திலுள்ள பொருள்களுக்கு எண்கள் இடப்பெற்றிருக்கும். அவ்வெண்களைப் பின்பற்றி இலத்தீனும் ஜெர்மனும் அருகருகே அமைந்திருக்கும். தெரிந்த மொழியின் கைபிடித்துத் தெரியாத மொழிக்குள் பிள்ளை செல்லும் முறை அது. வீடிழந்த ஒருவரே அதனை வகுத்தளித்தார் என்பது நம்மனோர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அண்மைக் காலத்தில் ஆலன் சே என்பார் 1993இல் 'தாத்தாவின் பயணம்' என்னும் படநூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதில் வரும் முதியவர் கலிபோர்னியாவில் வாழ்கையில் ஜப்பானை நினைந்து ஏங்குகிறார். ஜப்பானுக்குத் திரும்பியபின் கலிபோர்னியாவுக்கு ஏங்குகிறார். இரு நாடுமே அவருக்கு ஊர். 2006இல் ஷான் டான் வெளியிட்ட 'வருகை' என்னும் நூலிலோ கதைசொல்லும் சொற்களே இல்லை. அதன் படங்களிலுள்ள எழுத்துகள் எவருக்கும் புரியா. தில்லி வந்திறங்கிய முதல் நாளில், பேருந்துப் பலகைகளின் முன் நாம் நின்ற நிலையும் அஃதன்றோ?

நம் நாட்டிலும் இம்முயற்சி உண்டு. சென்னையில் 1996இல் தோன்றிய தூலிகா பதிப்பகம், ஆங்கிலமும் இந்திய மொழியொன்றும் இணைந்த படநூல்களை வெளியிட்டுள்ளது. அத்தகைய தமிழ்–ஆங்கில நூலொன்றை மறு கோடையில் ஊருக்கு எடுத்துச் சென்றோம். தமிழ் வரிகளை அன்னையார் படித்தார். ஆங்கில வரிகளை மகள் படித்தாள். சில பக்கங்கள் சென்றபின் மகளின் விரல் தமிழ் எழுத்துகளின் மேல் ஊர்ந்தது. "இது என்ன எழுத்து, ஆச்சி?" எனக் கேட்டாள். எது தன் ஊர் என்று அவளை அதன்பின் எவரும் கேட்கவில்லை.

நம் சங்க நூலகத்தின் அலமாரிகளில் பேரிலக்கியங்கள் நிறைந்துள்ளன. அவற்றின் கீழ்த்தட்டு ஒன்றில், சிறுவர் கைக்கு எட்டும் உயரத்தில், இத்தகைய படநூல்களையும் வைப்போமாக.