பாம்புக்கும் காயம் வரும்: போர்வையிலிருந்து பெட்டடீன் வரை ஒரு சிறு வரலாறு

பாம்பு என்றால் நாம் பேசுவது இரண்டே விஷயம்தான். கடித்தால் என்ன செய்வது? கண்டால் எதனால் அடிப்பது? பாம்புக்குக் காயம் வந்தால் என்ன செய்வது என்று யாராவது கேட்டால் சிரிப்போம்.

ஆனால் அந்தக் கேள்வி இப்போது நமது வாசலுக்கும் வந்துவிட்டது. மரக்கறித் தோட்டத்துக்குக் கட்டும் நைலோன் வலையில் சாரைப்பாம்பு சிக்கி, செதில் கிழிந்து கிடக்கிறது. முன்பென்றால் பொல்லுதான். இப்போது நமது இளைஞர்கள் சிலர் வலையை வெட்டிக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். நல்ல மாற்றம். ஆனால் அடுத்த நிமிடமே ஒருவர் மண்ணெண்ணெய் ஊற்று என்கிறார், இன்னொருவர் மஞ்சளும் உப்பும் பூசு என்கிறார். மறுபக்கம், லண்டனுக்கும் மெல்பேர்னுக்கும் போன நமது உறவுகளின் பிள்ளைகள் அங்கே சட்டப்படி பாம்பைச் செல்லப்பிராணியாக வளர்ப்பதையும் கேள்விப்படுகிறோம். ஆகவே இந்த விஷயத்தில் மனிதர்கள் எங்கே தொடங்கி எங்கே வந்து சேர்ந்தார்கள் என்று கொஞ்சம் பார்ப்போம்.

1849ஆம் ஆண்டு லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் ஊர்வனவற்றுக்கென்றே ஒரு வீடு திறக்கப்பட்டது. உலகில் அப்படித் திறக்கப்பட்ட முதலாவது வீடு அதுதான். பார்க்க மக்கள் திரண்டார்கள். ஆனால் உள்ளே இருந்த பிராணியை எப்படிப் பராமரிப்பது என்று அன்று யாருக்கும் சரியாகத் தெரியாது. குளிருமே என்று பாம்புக்குப் போர்வை கொடுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே ஒரு பெரிய பாம்பு தனக்குக் கொடுத்த போர்வையையே விழுங்கிவிட்டது!

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் போர்வைக்குள் பெரிய அறியாமை ஒன்றும் இருந்தது. போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை, உடலில் உண்டாகும் வெப்பத்தை வெளியே போகாமல் பிடித்து வைக்கிறது. நமது உடல் வெப்பத்தை உண்டாக்குகிறது. பாம்பு அதை வெளியிலிருந்து பெறவேண்டும். வெப்பம் குறைந்தால் அதன் சமிபாடு மந்தமாகும், நோய் எதிர்ப்புச் சக்தி குறையும், காயம் ஆறுவதும் பிந்தும். வெயிலில்லாத பெட்டிக்குள் இருக்கும் பாம்புக்கு எந்த மருந்து பூசினாலும் பாதி வேலைதான் நடக்கும்.

அதே காலத்தில் மனிதக் காயத்துக்கான மருந்தும் மாறிக்கொண்டிருந்தது. 1867இல் ஜோசப் லிஸ்டர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், காபோலிக் அமிலத்தைக் கொண்டு காயத்தில் கிருமிகளைக் கட்டுப்படுத்தலாம் என்று எழுதினார். எத்தனையோ மனித உயிர்கள் அதனால் தப்பின. ஆனால் மனிதனுக்கு உதவுவதெல்லாம் பாம்புக்கும் உதவும் என்று எடுக்க முடியாது. காபோலிக் வகையைச் சேர்ந்த கிருமிநாசினிகள் ஊர்வனவற்றுக்கு நஞ்சு. நிலம் கழுவும் திரவத்தைப் பாம்பின் காயத்தில் ஊற்றுபவர் தெரியாமலே நஞ்சைத்தான் ஊற்றுகிறார்.

இந்தக் கதையில் பெரிய திருப்பத்தைக் கொண்டுவந்தவர் ஒரு பெண். பெயர் ஜோன் புரொக்டர். 1897இல் லண்டனில் பிறந்தவர். சிறுவயதிலேயே பல்லி, பாம்பு வளர்த்தவர், ஒரு சின்ன முதலையைப் பாடசாலைக்கே கொண்டுபோனவர். ஆனால் தீராத வயிற்று நோய் அவருக்கு இருந்தது. அதனால் பல்கலைக்கழகம் போக முடியவில்லை.

பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் மாணவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று வாசிக்கவேண்டும். பிரித்தானிய நூதனசாலையில் ஊர்வனவற்றுக்குப் பொறுப்பாக இருந்த ஜோர்ஜ் பூலெஞ்சர் இவரது திறமையைக் கண்டு தன்னிடம் வேலைக்கு எடுத்தார். 1923இல் லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் ஊர்வனவற்றுக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டபோது புரொக்டருக்கு வயது 26 கூட இல்லை, அல்லது அப்போதுதான் நிறைந்திருந்தது.

அவர் வடிவமைத்த புதிய ஊர்வன வீடு 1927இல் திறக்கப்பட்டது. ஒரே கட்டடத்துக்குள் வெவ்வேறு இடங்களுக்கு வெவ்வேறு அளவில் மின்சாரத்தால் வெப்பம் கொடுத்தார்கள். சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்களை உள்ளே விடும் விசேட கண்ணாடியும் போட்டார்கள். பெரிய மலைப்பாம்பையும் கொமோடோ உடும்பையும் தானே கையாண்டு, அவற்றின் நோயைக் கண்டு தானே சிகிச்சை செய்தார் புரொக்டர். ஆனால் அவரது பெரிய மருந்து அந்தக் கட்டடம்தான் என்று நான் சொல்வேன். முதலில் வீட்டைச் சரிசெய், பிறகு காயத்தைப் பார். 1931இல், 34 வயதில் அவர் காலமானார்.

நமது நாட்டுக்கும் இதில் ஒரு சிறு தொடர்பு இருக்கிறது. நுவரெலியாவில் பிறந்த இராணுவ வைத்தியர் பிராங்க் வோல், இலங்கைப் பாம்புகள் பற்றிய தனது பெரிய நூலை 1921இல் கொழும்பில் வெளியிட்டார். நமது தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையை அரசாங்கம் பொறுப்பேற்றது 1936இல். அடுத்த வருடம், 1937இல், வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. வெங்கிணாந்தியை நமது சட்டம் பாதுகாக்கிறது. ஆகவே பிடித்து வீட்டில் வைத்து வைத்தியம் பார்ப்பது நமது வேலையல்ல. காயப்பட்ட பாம்பைக் கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். எது சாரை, எது நாகம் என்று நிச்சயமாகத் தெரியாதவர் கையை வைக்கவே வேண்டாம்.

மருந்தின் கதைக்கு வருவோம். அயடீன் 1811இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் பழைய அயடீன் திரவம் எரியும், தோலையும் தாக்கும். 1955இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அதை இன்னொரு பொருளுடன் பிணைத்து, மெதுவாக வெளிவரும்படி செய்தார்கள். நாம் பாமசியில் பெட்டடீன் என்று வாங்குவது அதைத்தான். பிறகு ஊர்வன மருத்துவம் தனித்துறையாக வளர்ந்தபோது மிருக வைத்தியர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள், ஆனால் நன்றாக ஐதாக்கி. எவ்வளவு ஐதாக? வெளிர் பிளேன்டி நிறம் வரும்வரை. நமக்கு இதைவிட இலகுவான அளவுகோல் வேறு கிடைக்காது!

வெளிநாட்டில் பாம்பு வளர்க்கும் உறவுகளுக்காக, இன்று மிருக வைத்தியர்கள் சொல்வதைச் சுருக்கித் தருகிறேன். இது மேலோட்டமான சிறு கீறலுக்கு மட்டும்.

1. கையைக் கழுவுங்கள், பிறகும் கழுவுங்கள். ஊர்வன சல்மொனெல்லா கிருமியைக் காவும்.

2. காயத்தை மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புக்கரைசலால் மெதுவாகக் கழுவி, ஐதாக்கிய பெட்டடீனை ஒற்றுங்கள். மதுசாரம், ஐதரசன் பேரொட்சைட்டு, மண்ணெண்ணெய், வாசனை எண்ணெய் எதுவும் வேண்டாம். வலிநிவாரணி கலந்த களிம்பும் வேண்டாம்.

3. பெட்டிக்குள் மண், மரத்தூளை எடுத்துவிட்டு வெள்ளைக் கடதாசி விரியுங்கள். ஈரமானால் உடனே மாற்றுங்கள்.

4. வெப்பத்தைச் சரியான அளவில் வையுங்கள். ஆனால் வெப்பத்தட்டு நேரே உடலில் படக்கூடாது. பாம்பு சுடுகிறது என்று சட்டென விலகிப் போகாது, அப்படியே கிடந்து வெந்துபோகும்.

5. உயிருள்ள எலியைப் போடாதீர்கள். பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். உறையவைத்து, பிறகு இளகவைத்த எலியே பாதுகாப்பு.

6. சட்டை உரியாமல் ஒட்டியிருந்தால் பிய்த்து எடுக்காதீர்கள். கண்ணின் மேலுள்ளதைத் தொடவே வேண்டாம்.

தசை தெரியும் காயம், தீக்காயம், வாய் வீக்கம், பரவும் கறுப்பு, தோலுக்கடியில் கட்டி, இவற்றில் எது இருந்தாலும் மிருக வைத்தியரிடம் போங்கள். பாம்பின் சீழ் நமது சீழைப்போல் வழிந்தோடாது. பாற்கட்டிபோல் இறுகிக் கிடக்கும், பெரும்பாலும் வெட்டித்தான் எடுக்கவேண்டும்.

பொறுமையும் வேண்டும். பாம்பின் காயம் ஆற வாரக்கணக்காகும். ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் வடு கொஞ்சம் கொஞ்சமாக மங்கும்.

போர்வை கொடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்பவரும் கெட்டவர் அல்ல. இரண்டு பேருக்கும் இரக்கம் இருக்கிறது. ஆனால் அந்த உயிர் எப்படி இயங்குகிறது என்று தெரியாத இரக்கம் அந்த உயிரையே வதைக்கும். இரக்கத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் அறிவையும் வைக்கவேண்டும். இந்தப் பதிவைத் தோட்டத்துக்கு வலை கட்டும் ஒருவருக்காவது காட்டுங்கள்.