நோய் வராத மண்ணைத் தேடியவர்கள்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்கள் தலைமுறைக்கு, நுண்ணுயிர் என்றதும் நினைவுக்கு வருகிறவர் லூயி பஸ்தேர். தமிழில் படித்தவர்களுக்கு அவர் பாஸ்டர். வெறிநாய்க்கடி, பட்டுப்புழு நோய், ஆடுமாடுகளின் அடைப்பான் நோய் என்று அவர் வென்ற கிருமிகளின் பட்டியலை மனப்பாடம் செய்துதான் நாங்கள் ப்ரெவே தேர்வு எழுதினோம். கிருமி என்றால் எதிரி, அவ்வளவுதான் பாடம்.

ஆனால் அதே பஸ்தேர் 1877-இல் ழூபேர் என்பவருடன் சேர்ந்து வேறொன்றையும் கவனித்துப் பதிவு செய்திருக்கிறார். அடைப்பான் கிருமியை வளர்க்கும் திரவத்தில் சாதாரண பாக்டீரியா கலந்துவிட்டால் அடைப்பான் கிருமி வளர முடியாமல் போகிறது. அதாவது, ஒரு நுண்ணுயிரை அடக்க இன்னொரு நுண்ணுயிர் போதும். இந்தச் செய்தி எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை. அது ஆய்வகத்திலிருந்து வயலுக்கு வந்து சேர நூறு ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கதை நம் நெல்லில் தொடங்கவில்லை, கோதுமையில் தொடங்குகிறது.

கோதுமை வேரைத் தாக்கும் காளான் நோய் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியக் குடியானவர்கள் அதற்கு ‘டேக்-ஆல்’ என்று பெயர் வைத்தார்கள். ‘எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போவது’ என்று பொருள். பிரெஞ்சில் அதன் பெயர் ‘பியெத்தேன் எஷோதாழ்’. வேர் கறுத்து அழுகும். கதிர் வெளுத்து, மணியில்லாமல் நிற்கும். நம் நெல்வயலில் தண்டுத்துளைப்பான் விழுந்தால் வெண்கதிர் நிற்குமே, பார்வைக்கு அதே மாதிரிதான். ஆனால் இங்கே குற்றவாளி மண்ணுக்குள் இருக்கிறான். அந்த நோயைத் தாங்கும் கோதுமை ரகம் கிடையாது. பயிரை மாற்றிப் போடுவதே முக்கிய வழி. மாற்றுப் பயிருக்கு விலை இல்லாத ஊரில் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

இந்த நோயில் ஒரு விசித்திரம் இருந்தது. பயிரை மாற்றாமல் கோதுமைக்குப் பின் கோதுமையே போட்டு வந்தவர்களின் வயலில் நோய் முதலில் ஏறியது. சில ஆண்டுகள் பெரிய நஷ்டம். பிறகு, மருந்து எதுவும் போடாமலே நோய் தானாகத் தணிந்தது. ஹாலந்தில் கடலை வற்றவைத்து எடுத்த புதுநிலங்களிலும் இப்படி நோய் ஏறி இறங்கியதை ஹெர்லாக் என்ற ஆய்வாளர் 1968-இல் எழுதினார். நோய்க்காளான் மண்ணை விட்டுப் போய்விடவில்லை. ஆனால் ஏதோ ஒன்று அதைக் கட்டிப்போட்டு வைத்திருந்தது.

அது உயிருள்ள ஒன்றாக இருக்கலாம் என்பதற்கான தடயம் ஏற்கெனவே உண்டு. கனடாவில் சான்ஃபோர்ட், பிராட்ஃபுட் என்ற இருவர் இதே காளானை மற்ற மண் நுண்ணுயிர்களோடு சேர்த்து வளர்த்துப் பார்த்து, அதன் வீரியம் அடங்குவதை 1931-இலேயே காட்டியிருந்தார்கள். ஆனால் அது வயலுக்குப் பயன்படும் காரியமாக அப்போது மாறவில்லை.

அதை மாற்றியவர்கள் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில், புல்மன் என்ற ஊரில் இருந்த ஆய்வாளர்கள். அவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் குக். மத்திய வேளாண் துறை ஊழியராக 1965-இல் அங்கே வந்து சேர்ந்தவர். நோய் வந்த வயலை ஆராய ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். இவர்கள் நோய் வராத வயலைப் போய்த் தோண்டினார்கள். என் கண்ணுக்கு இந்தக் கதையின் உயிர்நாடி இதுதான்.

1973-இல் வெளிவந்த அவர்களின் சோதனை நம் வீட்டுச் சமையலறையில் நடப்பது போன்றது. மருந்துப் புகை செலுத்தி, உயிர்களை அழித்த மண்ணில் நோய்க்காளானைக் கலந்து கோதுமை விதைத்தார்கள். பயிர் விழுந்தது. அதே மாதிரி மண்ணில், நெடுங்காலம் கோதுமை விளைந்த வயலின் மண்ணைக் கொஞ்சமாகச் சேர்த்தார்கள். நோய் அடங்கியது. பாலுக்கு உறைமோர் ஊற்றுகிறோமே, அதே கணக்கு. அந்த உறைமண்ணை 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் அரைமணி நேரம் வைத்துவிட்டால் அதன் சக்தி போய்விட்டது. வெறும் சத்து என்றால் அந்தச் சூட்டில் அழியாது. ஆகவே காவல் காப்பது உயிருள்ள ஒன்று என்பது உறுதியாயிற்று.

அடுத்து ஆளை அடையாளம் காண வேண்டும். கோதுமை வேர்களில் ஒட்டியிருந்த பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். சூடோமோனஸ் என்ற இனம் அகப்பட்டது. லிண்ட் என்ற ஊர்ப்பக்கத்து மண்ணில் விளைந்த கோதுமையின் வேரில் கிடைத்த ஒன்றுக்கு, கோப்புக்கு எண் போடுகிற மாதிரி, 2-79 என்று எண் கொடுத்தார்கள். டேவிட் வெல்லரும் குக்கும் அந்த வகைப் பாக்டீரியாவை விதையில் பூசி விதைத்து, நோய் குறைவதை 1983-இல் காட்டினார்கள்.

அது எப்படிக் காப்பாற்றுகிறது? இதற்கு விடை தந்தவர் லிண்டா தோமஷோ என்ற அம்மையார். 2-79 பாக்டீரியா ஃபெனசின் என்ற எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. அந்தச் சுரப்பு மட்டும் இல்லாதபடி பாக்டீரியாவின் மரபணுவை மாற்றினால், அதன் காவல் சக்தி பெருமளவு குறைந்துவிடுகிறது. இழந்த மரபணுவைத் திருப்பிக் கொடுத்தால் சக்தியும் திரும்புகிறது. இதை அவரும் வெல்லரும் 1988-இல் எழுதினார்கள். ‘ஆய்வகத் தட்டில் சுரக்கும், வயலில் சுரக்குமா?’ என்று கேட்டவர்களுக்கு, வளரும் கோதுமையின் வேரிலிருந்தே அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து 1990-இல் பதில் சொன்னார்கள். நோய் தானாகத் தணிந்த வயல்களில் வேறொரு எதிர்ப்பொருளைச் சுரக்கும் சூடோமோனஸ் பெருகியிருப்பது 1998-இல் தெரியவந்தது. அதற்குக் கணக்கும் உண்டு. ஒரு கிராம் வேரில் குறைந்தது ஒரு லட்சம் இருந்தால்தான் காவல் நிற்கும்.

பிரெஞ்சு நாட்டிலும் இதே பாணியில் ஒரு வேலை நடந்தது. தென்பகுதியில் அவிஞ்ஞோனுக்குப் பக்கத்தில் ஷத்தோரெனார் என்ற ஊர். அந்த மண்ணில் வாடல்நோய்க் காளான் இருந்தும் முலாம்பழக் கொடிகள் வாடவில்லை. திழோனில் இருந்த லூவே, அலாபுவெத் முதலிய ஆய்வாளர்கள் காரணம் தேடினார்கள். கெடுதல் செய்யாத பங்காளிக் காளான் ஒன்று, கெடுக்கும் காளானுக்கு முந்தி உணவைத் தின்றுவிடுகிறது. சூடோமோனஸ் பாக்டீரியா மண்ணிலுள்ள இரும்புச் சத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பகையாளியைப் பட்டினி போடுகிறது. மண்ணுக்கு மண் ஆயுதம் வேறுபட்டாலும், காவல் வேர் ஓரத்தில்தான் நிற்கிறது.

நம் பக்கத்திலும் பல்கலைக்கழகங்கள் சும்மா இருக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் ஞானமாணிக்கம், பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் மியூ என்பவரோடு சேர்ந்து, நெல்லின் குலைநோயை சூடோமோனஸ் பாக்டீரியா அடக்குவதை 1992-இல் எழுதினார். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் வித்யாசேகரனும் முத்தமிழனும் எடுத்துக்கொண்டது வேறொரு சிக்கல். இந்த உயிரை மூட்டையில் கட்டி எப்படி விவசாயி வீட்டுக்கு அனுப்புவது? முகப்பவுடருக்குப் பயன்படும் டால்க் தூளில் கலந்தால் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்று கண்டு, கொண்டைக்கடலையின் வாடல்நோய்க்குப் பயன்படுத்திய முடிவுகளை 1995-இல் வெளியிட்டார்கள். இன்று பி.எஃப்.1 என்ற பெயரில் கடைகளில் கிடைக்கும் சூடோமோனஸ் பொடி அந்த வழியில் வந்ததுதான்.

பாகூர்ப் பக்கம் நெல் வைக்கும் என் மைத்துனர் ஒருநாள் இந்தப் பொடிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “ஏன் மச்சான், இது உயிர்னு சொல்றீங்களே, அப்போ இதுக்குச் சாப்பாடு போடணுமா?”

“ஆமாம் மச்சான், கட்டாயம் போடணும்” என்றேன்.

விளையாட்டாகக் கேட்டாலும் சரியான கேள்வி. கிலோ விதைக்கு 10 கிராம் என்று விதை நேர்த்தி, ஹெக்டேருக்கு 2.5 கிலோ பொடியை 50 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து வயலில் இடுவது என்பதெல்லாம் கோவைப் பரிந்துரை. அந்தத் தொழுவுரம்தான் சாப்பாடு. வெயிலில் அடுக்கிவைத்த பை, தேதி கடந்த பை, ரசாயன மருந்தோடு சேர்த்துக் கரைத்த பொடி இவற்றிலெல்லாம் காவல்காரன் வேலைக்கு வருமுன்பே செத்திருப்பான். பிறகு ‘பொடி பலிக்கவில்லை’ என்று சொல்லிப் பயனில்லை.

உயிர் சரியாக இருந்தாலும் எல்லா வயலிலும் ஒரே மாதிரி பலிக்கும் என்றும் சொல்ல முடியாது. புல்மன் ஆய்வாளர்களின் விதைப்பூச்சே ஓரிடத்தில் நன்றாகவும் வேறிடத்தில் சுமாராகவும்தான் வேலை செய்தது. மண்ணின் தன்மை, ஈரம், சூடு எல்லாம் சேர்ந்துதான் பாக்டீரியா நிலைக்குமா என்று தீர்மானிக்கின்றன.

குக்குக்கு 2011-இல் வேளாண்மைக்கான வுல்ஃப் பரிசு கிடைத்தது. நான் பெரிதாக நினைப்பது பரிசை அல்ல. மண் தன் காவலைத் தானே திரட்டிக்கொள்ளும், ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். அந்த ஆண்டுகளின் நஷ்டத்தைத் தாங்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? கூட்டுறவுக் கடனில் பயிர் வைக்கிறவரிடம் ‘ஐந்து வருஷம் பொறுங்கள், மண் சரியாகிவிடும்’ என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? மண் ஆண்டுக்கணக்கில் சேர்க்கிற காவலில் ஒரு பங்கையாவது விதைக்கிற நாளிலேயே வேர் ஓரத்தில் கொண்டுவந்து வைக்க வழி தேடியதுதான் இவர்கள் செய்த உபகாரம்.

பாகூர், நெட்டப்பாக்கம் பக்கத்தில் இந்தப் பொடியைப் பயன்படுத்தியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள். பலித்ததையும் எழுதுங்கள், பலிக்காததையும் எழுதுங்கள்.