பெட்டியடியிற் பயின்ற உள்ளுணர்வு

வணிகத்தில் விரைந்து தீர்மானிக்கும் உள்ளுணர்வு பிறவிக் கொடை என்றே பெரும்பாலும் பேசப்படுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையிலும் பர்மாவிலும் கடன்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் வரலாறு இதற்கு மாறான சான்றினைத் தருகின்றது.

பயிற்சி இளமையிலேயே தொடங்கியது. எண்சுவடியை மனனஞ்செய்த சிறுவன், 1/320 ஆகிய முந்திரி வரையான பின்னங்களைக் கொண்டு வட்டியை மனத்திலேயே கணித்தான். பின்னர் கொழும்புச் செட்டியார் தெருவிலோ இரங்கூன் மொகல் வீதியிலோ பெட்டியடிப் பையனாக அமர்ந்தான். கடிதங்களைப் படியெடுத்தலும் பேரேடு எழுதுதலும் ஏவிய பணி புரிதலுமே அவனது பாடங்கள். எனினும் கடன் கேட்டு வந்தவர் எவ்வாறு பேசினார், மேலாள் ஏன் தயங்கினார், கொடுத்த பணம் தவணைக்குத் திரும்பியதா என்பனவற்றை அவன் அருகிலிருந்தே கண்டான். ஊகமும் அதன் விளைவும் ஒரே பேரேட்டிற் பதிவாகின. இன்றைய முகாமைத்துவ வகுப்புகளில் எளிதிற் கிட்டாத வாய்ப்பு இது.

பையன் அடுத்தாளாகி, பின் கிளையை நடத்தும் மேலாளாவதற்குப் பல ஆண்டுகள் சென்றன. மேலாள் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்கே அனுப்பப்பட்டான். முதலாளி செட்டிநாட்டில் இருந்தார். கடிதம் போய்வர நாளாகும். ஆகவே அற்றோணித் தத்துவத்தைக் கையிற்கொண்டு அவன் தனித்தே முடிவெடுக்க வேண்டியிருந்தது. நடப்பு வட்டியை மட்டும் அவன் தன் விருப்பப்படி வகுக்கவில்லை. இரங்கூனில் அது கோயிலிற் கூடி நிர்ணயிக்கப்பட்டது. தனியொருவரின் ஊகத்துக்குச் சமூகம் இட்ட வரம்பு இதுவெனலாம்.

கொழும்பிலிருந்த பிரித்தானிய வங்கிகள் உள்ளூர் வணிகரை அறியா. அவை செட்டிமாருக்குக் கடன் கொடுத்தன; செட்டிமார் ஆளறிந்து, கூடிய வட்டிக்கு, வணிகருக்குக் கொடுத்தனர். 1925இற் செட்டியார் நிறுவனமொன்று வீழ்ந்ததும் வங்கிகள் அக்கடனைச் சுருக்கின. அதனால் இடருற்றோர் செட்டிமார் மட்டுமல்லர். அவர்களையே நம்பியிருந்த சிறு வணிகரும் கடன் வழியிழந்தனர். சேர் சொராப்ஜி பொச்கானவாலாவின் தலைமையிலமைந்த வங்கி ஆணைக்குழு 1934இல் அறிக்கையிட, 1939இல் இலங்கை வங்கி தோன்றியது.

பர்மாவில் நேர்ந்ததோ இதனினும் கடுமையானது. எந்த உழவன் நாணயமானவன் என்பதை மேலாள் நன்கறிந்திருந்தான். ஆனால் நெல்லின் விலையை அவ்வுழவன் தீர்மானிக்கவில்லை. 1930இல் விலை சரிந்தபோது நாணயமானவனாலும் கடனைத் தீர்க்க இயலவில்லை. ஆளை அளக்கப் பழகிய கண் சந்தையை அளக்கப் பழகியிருக்கவில்லை. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களிற் செட்டிமார் வசமிருந்த வயல்நிலம் 1930இல் ஏறக்குறைய 6 வீதம். 1937இல் அது 25 வீதமாயிற்று. அவர்கள் நாடியது பணத்தையே. வந்து சேர்ந்ததோ நிலம். நிலமிழந்த உழவரின் சினம் அவர்கள்மீது திரும்பியது. 1948இல் நிலத் தேசியமயமாக்கற் சட்டம் நிறைவேற்றப்பட்டபோது, போர்க்காலத்தில் இந்தியாவுக்கு மீண்ட மேலாட்கள் பலரின் கையில் எஞ்சியிருந்தவை அந்நிலங்களின் பத்திரங்களே.