போர் தந்த அதிகாரம்: தில்லியின் கட்டுப்பாட்டுச் சட்டங்கள், 1915–2021

அமெரிக்காவில் அரசு சந்தைக்குள் பெரிய அளவில் இறங்கக் காரணமாக இருந்தது 1929இல் தொடங்கிய பெருமந்தம். தில்லியில் அந்த வேலையைச் செய்தது போர். இந்தியப் பொருளாதாரத்தின் மீது நடுவண் அரசு செலுத்திய கட்டுப்பாடுகளைச் சோசலிசத்தின் விளைவாகவே பலரும் எழுதுகிறார்கள். அந்தச் சட்டங்களின் பிறப்பைத் தேடிப் போனால், நேரு ஆட்சிக்கு முன்பே வைஸ்ராய் லின்லித்கோ காலத்துப் போர்விதிகளில் போய் நிற்கிறோம்.

போர் அரசுக்கு அதிகாரம் தந்தது அதற்கும் முன்பே உண்டு. முதல் உலகப் போரின்போது, 1915இல் வந்த இந்தியப் பாதுகாப்புச் சட்டம் விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. போர் முடிந்த பிறகும் அதை விட மனமில்லாமல் 1919 மார்ச்சில் ரௌலட் சட்டத்தை நிறைவேற்றினார்கள். அதை எதிர்த்து மார்ச் 30 அன்று தில்லி நகரம் கடையடைத்தது. ரயில் நிலையத்தருகிலும் சாந்தினி சௌக்கிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1922இல் சட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது.

பெருமந்தம் தில்லியின் போக்கை மாற்றவில்லை. விளைபொருள் விலை சரிந்தபோதும் ரூபாயை 18 பென்ஸ் மதிப்பில் பிடித்து வைத்தார்கள். 1931இல் அரசு ஊழியர் சம்பளத்தில் 10 விழுக்காட்டை வெட்டி, வரியைக் கூட்டிக் கணக்கைச் சரிக்கட்டினார்கள். கடன்பட்ட குடும்பங்கள் விற்ற தங்கம் கப்பலேறியது.

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் வெடித்ததும் எல்லாம் மாறியது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு அம்மாதமே வந்தது. அடுத்த ஆண்டு இறக்குமதிக் கட்டுப்பாடு. 1942 டிசம்பரில் உணவுத் துறை. 1943 மே மாதம் நிறுவனங்கள் பங்கு வெளியிடவும் அரசின் அனுமதி வேண்டும் என்ற விதி. வணிகத்தையும் பின்னர் போர்த் தளவாட வழங்கலையும் வைஸ்ராய் அவையில் கவனித்தவர் ஆற்காடு இராமசாமி முதலியார். இவ்வளவு அதிகாரம் குவிந்திருந்தும் 1943இல் வங்கத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பஞ்சத்தில் மாண்டார்கள். கட்டுப்பாடு முதலில் போருக்காக, பிறகுதான் மக்களுக்காக என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. போர்ச் செலவுக்காக இந்தியா தந்த பொருள்களுக்கு ஈடாக லண்டனில் 100 கோடி பவுண்டுக்கு மேல் வரவு சேர்ந்தது. பசித்த மக்களின் உழைப்பு அது. 1944இல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் அந்தப் பணத்துக்காக வாதாடியவர்களில் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் ஒருவர்.

அவரே 1947இல் விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சர். அந்த ஆண்டிலேயே செலாவணி, இறக்குமதி, பங்கு வெளியீடு ஆகிய மூன்றின் போர்க்கால விதிகளும் தனிச் சட்டங்களாயின. 1946இன் தற்காலிக அத்தியாவசியப் பொருள் சட்டத்தின் இடத்தில் 1955இல் நிரந்தரச் சட்டம் வந்தது. ரௌலட்டுக்கு எதிராக எழுந்த கொதிப்பு இவற்றுக்கு எதிராக எழவில்லை. பற்றாக்குறை உண்மையானது, ரேஷன் அரிசி பல வீடுகளில் உலை ஏற்றியது, ஆள்பவர்களும் நம்மவர்கள். ஆயினும் இச்சட்டங்கள் தொடரத்தான் வேண்டுமா என்ற விவாதம் அன்று போதிய அளவு நடக்கவில்லை என்பதே என் கருத்து.

அச்சட்டங்களை அசைத்ததும் ஒரு போர்தான். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்ததும் எண்ணெய் விலை ஏறியது. வளைகுடாவிலிருந்து வந்த பணம் குறைந்தது. செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதும் என்றானது. 1991 ஜூலை 24 அன்று நிதியமைச்சர் மன்மோகன் சிங் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் நிதிநிலை அறிக்கையைப் படித்தார். மறு ஆண்டே பங்கு வெளியீட்டுச் சட்டமும் இறக்குமதிச் சட்டமும் நீக்கப்பட்டன.

1955இன் அத்தியாவசியப் பொருள் சட்டம் தப்பியது. அதைத் தளர்த்திய 2020ஆம் ஆண்டுத் திருத்தம், தில்லியின் சிங்கு, திக்ரி, காஜிப்பூர் எல்லைகளில் உழவர்கள் ஓராண்டுக்கு மேல் அமர்ந்து எதிர்த்த மூன்று சட்டங்களில் ஒன்று. 2021 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றம் அம்மூன்றையும் திரும்பப் பெற்றது.