சோம்பற் கண்ணைத் தேடிய வரலாறு

கண்ணிலே புரையில்லை, புண்ணில்லை. பார்ப்போர்க்கு அது குறையற்ற கண்ணாகவே தோன்றும். ஆயினும் அக்கண்ணால் பிள்ளை தெளிவாகக் காண்பதில்லை. மாறுகண்ணாலோ, இரு கண்களின் பார்வை வலு வேறுபட்டிருத்தலாலோ, ஒரு கண் அனுப்பும் செய்தியைக் குழந்தைப் பருவத்திலேயே மூளை ஏலாது தள்ளிவிடுகின்றது. இதனையே சோம்பற் கண் என்பர். பெயர் அத்துணைப் பொருத்தமன்று. சோம்பியிருப்பது கண்ணன்று, அதனைப் பயன்படுத்தப் பழகாத மூளையே. நூறு பிள்ளைகளுள் இருவர் அல்லது மூவரிடம் இக்குறை உண்டு. மற்றைக் கண் நன்கு காண்பதனால் பிள்ளை முறையிடுவதில்லை, பெற்றாரும் அறிவதில்லை.

இதற்குரிய பரிகாரமோ மிகப் பழையது. 1743ஆம் ஆண்டிலே பிரான்சிய அறிஞர் பூஃபோன், மாறுகண்ணுடையாரின் இரு கண்களும் சமவலு உடையனவல்ல என்று காட்டி, நல்ல கண்ணைச் சில காலம் மூடிவைத்து மெலிந்த கண்ணுக்கு வேலை கொடுக்குமாறு கூறினார். விலங்கியல் எழுதிப் புகழ்பெற்ற அவர் தொழிலால் வைத்தியரல்லர்!

மருந்து கிடைத்தும் நோயாளியைக் கண்டுபிடிக்க வழியில்லை. 1862இல் ஒல்லாந்து தேசத்து ஸ்னெலன் எழுத்து அட்டவணையை வெளியிட்டார். ஆறு மீற்றர் தூரத்தில் நின்று, ஒவ்வொரு கண்ணாக மூடி, எழுத்துகளை வாசித்தல் வேண்டும். இரு கண்ணும் திறந்திருப்பின் குறை வெளிப்படாது. ஆனால் எழுத்தறியாத மூன்று வயதுப் பிள்ளை எதனை வாசிப்பது? 1976இல் பின்லாந்துக் கண் வைத்தியர் லேயா ஹைவாரினன் அப்பிள், வீடு, வட்டம், சதுரம் ஆகிய நான்கு உருவங்களால் ஓர் அட்டவணை அமைத்தார். பிள்ளை வாய்திறவாமலே கையிலுள்ள அட்டையில் ஒத்த உருவத்தைத் தொட்டுக் காட்டலாம். இன்னுஞ் சிறிய குழந்தைகளிடத்து வைத்தியர் கையாளும் உபாயம் எளிது: மெலிந்த கண்ணை மூடினால் குழந்தை பேசாதிருக்கும், நல்ல கண்ணை மூடினாலோ அழுது கையைத் தட்டிவிடும்.

இத்துணை அவசரம் ஏன்? அதற்கு விடை தந்தோர் அமெரிக்காவில் ஆராய்ந்த ஹியூபலும் வீசலும் ஆவர். பூனைக்குட்டியின் ஒரு கண்ணிமையைத் தைத்து, ஏறக்குறைய மூன்று மாதங்களின் பின் அவிழ்த்தனர். கண் நலமாகவே இருந்தது. மூளையின் பார்வைக் கலங்களோ அக்கண்ணுக்கு மறுமொழி கூறவில்லை. வளர்ந்த பூனைக்கு அவ்வாறு செய்தபோது தீங்கு விளையவில்லை. 1963இல் வெளியான இம்முடிவு, காலத்தின் அருமையைக் காட்டிற்று. 1981இல் அவ்விருவரும் நொபெல் பரிசு பெற்றனர்.

சுவீடன் தேசம் இவ்வுண்மையைச் செயலிற் காட்டியது. அங்கே 1970களிலிருந்து நான்கு வயதுப் பிள்ளைகள் யாவரையும் சுகாதார நிலையத் தாதியர் பரிசோதித்து வந்தனர். முன்னர் நூற்றுக்கு இருவரிடம் இருந்த கடுமையான சோம்பற் கண், ஆயிரத்துக்கு இருவராகக் குறைந்தது.

ஏழு வயதைக் கடந்தால் பயனில்லை என்று பலர் கைவிட்டதுமுண்டு. அது மிகைக் கூற்று. 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 7 முதல் 12 வயதுவரையான பிள்ளைகளுக்கு மூக்குக்கண்ணாடியுடன் கண் மூடலும் சொட்டு மருந்தும் அளித்தபோது, ஏறக்குறைய பாதிப்பேரின் பார்வை முன்னேறியது.